பாட்டு முடிந்தபின் முப்பத்திரண்டு விநாடி

படத்தொகுப்பாளர் தாம் தொகுத்த பழைய பாட்டுப் படம் ஒன்றை இணையத்தில் ஏற்றிய பிறகு, ஏழு மாதங்களில் அதை நூற்றுப் பதினான்கு பேர் பார்த்திருந்தார்கள். அவர்களுள் முப்பது பேராவது உறவினர்கள். பத்துத் தடவையாவது அவருடைய அண்ணனே பார்த்திருப்பார். எட்டாம் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே கைப்பேசியை எடுத்தவர், அந்த எண் நாற்பதாயிரத்தைத் தாண்டியிருப்பதைக் கண்டார். நுரை வாயோடு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகுதான் பார்த்தவர்கள் கீழே எழுதியிருந்தவற்றைப் படித்தார். பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதியிருக்கவில்லை. “பாட்டெல்லாம் வேணாம், நாலு நிமிஷம் பதினெட்டுக்கு நேராப் போங்க” என்று ஒருவர் வழிகாட்டியிருந்தார். ஆயிரக்கணக்கானோர் அந்த வழியே போயிருந்தார்கள்.

தொகுப்பாளரும் போனார். பாட்டு அந்த இடத்தில்தான் முடிந்தது. முடிந்ததும் நிறுத்துவது அவருடைய விரலுக்கு இருபத்தெட்டு ஆண்டுப் பழக்கம். அன்று முதல்முறையாக விரலை எடுத்துக்கொண்டு, அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பார்த்தார். பார்த்து முடிக்கும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தப் பாட்டுப் படம் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், தனிப்பாடல்களை ஒளிபரப்பிய காலம் அது. பார்க்க வேண்டுமானால் அந்த நேரத்துக்கு வீட்டிலிருக்க வேண்டும். தவறவிட்டவர்கள் அஞ்சலட்டையில் விருப்பம் எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிலையத்துக்கு நாடா கொடுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. பெட்டியின்மேல் ஒட்டிய தாளில், பாட்டு தொடங்கும் விநாடியையும் முடியும் விநாடியையும் எழுத வேண்டும். முடிவுக்குப் பிறகும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் நாடாவில் படம் ஓட வேண்டும். நிலையத்தில் பொத்தானை அழுத்துபவர் ஒரு நொடி கண்ணயர்ந்தாலும் வீடுகளில் திரை கறுத்துவிடக் கூடாதல்லவா. அந்த உபரிக்குத் தொழிலில் ‘வால்’ என்று பெயர். வாலில் என்ன இருந்தாலும் கேட்பாரில்லை, ஏனெனில் அதைப் பார்ப்பாரில்லை. கடைசிக் காட்சி எடுத்தபோது கேமரா எவ்வளவு நேரம் ஓடியதோ, அவ்வளவையும் ஒலியோடு அப்படியே வாலாக விட்டிருந்தார் தொகுப்பாளர்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் திருமணமாகி முப்பதாண்டு நிறைந்த நாளில் பரிசாகக் கொடுக்கத்தான் அந்த நாடாவைப் பரணிலிருந்து இறக்கினார். பூஞ்சையைத் துடைத்து, கணினிக்கு மாற்றி, வெளிறிய நிறத்தைச் சரிசெய்து, அறுபது தடவை ஓட்டிப் பார்த்தார். அறுபது தடவையும் முடிவுக்குறியில் நிறுத்தினார். உறவினர் எல்லாரும் பார்க்கட்டுமென்று இணையத்தில் ஏற்றும்போதும், வாலை வெட்ட வேண்டுமென்று அவருக்குத் தோன்றவேயில்லை. வால் ஒளிபரப்பாகாது என்பது அவருக்குக் கிழக்கு மேற்கைப் போல உறுதியான செய்தி. இணையத்தில் அந்தப் பொத்தானருகே ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை நினைக்க மறந்துவிட்டார்.

வாலில் அண்ணி இருந்தார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. பாட்டைப் பாடியவரும் அவரே, படத்தில் தோன்றியவரும் அவரே. பாட்டு முடிந்தபின் ஐந்து எண்ணும்வரை, சொல்லிக்கொடுத்தபடியே, ஜன்னலோரம் அசையாமல் நின்றார். பிறகு தோள் தளர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்: “நல்லா இருந்துச்சா?” கேமராவுக்குப் பின்னாலிருந்து பதிலில்லை. “முகம் சரியா வந்துச்சா? நான் நல்லா பண்ணேனா?” அதற்கும் பதிலில்லை. கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். சிரிப்பு முகத்தில் தங்கவும் மாட்டாமல் விலகவும் மாட்டாமல் நின்றது. கடைசியில் கேமராவையே நேராகப் பார்த்து, குரல் சிறுத்து, “யாராச்சும் ஏதாவது சொல்லுங்களேன்” என்றார். அத்தோடு நாடா முடிந்தது. எல்லாம் முப்பத்திரண்டு விநாடி.

அதில் கடைசி ஒன்பது விநாடியை ஊர் வெட்டி எடுத்துக்கொண்டது. ஓரங்களை நறுக்கி, கைப்பேசியின் நெடுக்குவாட்டத்துக்கு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டது. பந்தைக் கோட்டைவிட்ட ஆட்டக்காரரின் பின்னே அந்த முகம் வந்தது. கருகிய ரொட்டியின் பின்னே வந்தது. மேடையில் பேச்சை மறந்து திணறிய அமைச்சரின் பின்னே, மதிலைத் தாவப்போய் விழுந்த பூனையின் பின்னே, தேர்வில் தோற்ற மாணவர் தாமே எடுத்துப் போட்ட படத்தின் பின்னே வந்தது. வந்து, “யாராச்சும் ஏதாவது சொல்லுங்களேன்” என்றது. இரண்டு வாரத்தில் அதைக் கேட்காத காது இல்லை என்றாயிற்று.

அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு ஆசிரியை. பள்ளியின் ஆண்டு விழாவில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடவிருந்தார்கள். அதற்காக எட்டு மாதமாக அவர்களைப் பழக்கிவந்தார். விழாவுக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது.

விஷயம் பள்ளிவரை போனதைக் கேள்விப்பட்டு அண்ணன் வீட்டுக்குத் தொகுப்பாளர் போனபோது, அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கைப்பேசியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அந்தப் பாட்டுக்குக் கேமரா பிடித்தவர் அவர்தாம். இப்போது கடைவீதியில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை வைத்திருந்தார்.

“வாடா கத்தரி” என்றார் அண்ணன். வெட்டுவதே தொழிலாய்ப் போன நாள்முதல் தம்பிக்கு அந்தப் பெயர்தான். “எண்பது லட்சம்டா. அன்னிக்கு டிவியில மூணே தடவ போட்டான். அதுல ஒரு தடவ நம்ம தெருவுல கரண்ட் இல்ல.”

“அண்ணா, கொஞ்சம் பேசாம இருங்க.”

“ஏன், என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஃப்ரேம் எவ்வளவு சுத்தமா இருக்குன்னு பாரு. ஜன்னல் வெளிச்சத்துல எடுத்தது. லைட்டே வைக்கல.”

அண்ணி ஒரு தலையணை உறையை இரண்டாக, நான்காக மடித்தார். “நேத்து ஆறாம் வகுப்புல சுரம் பாடிக் காட்டினேன், தம்பி. முடிச்சதும் கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு அதே குரல்ல கேக்குறா. ‘யாராச்சும் ஏதாவது சொல்லுங்களேன்.’ வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்குது. திட்டலாம்னு வாயத் திறந்தேன். என் குரல் எனக்கே அந்த வீடியோ மாதிரி கேட்டுச்சு. அப்படியே உக்காந்துட்டேன்.”

தொகுப்பாளர் கையைப் பிசைந்தார். “நான்தான் அண்ணி காரணம். வால வெட்டாம போட்டுட்டேன்.”

“காரணம் யாருன்னு நான் கேக்கல. பெரிய டீச்சர் கூப்பிட்டு, விழாவுக்கு வேணும்னா வேற ஆள நிறுத்திக்கலாம்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். அந்தப் புள்ளைங்க என் கையப் பாத்துதான் மூச்சு விடும். இன்னொருத்தர் கைக்குப் பாடாது.” உறையை அடுக்கின்மேல் வைத்தார். “அதுக்குள்ள இத எடுத்துட முடியுமா?”

“எடுத்துடலாம் அண்ணி” என்றார் தொகுப்பாளர்.

அவர் பொய் சொல்லவில்லை. முன்னொரு முறை எடுத்துக் காட்டியிருந்தார். அதே பாட்டு முதல்முறை ஒளிபரப்பானபோது, திரையின் கீழே பாடியவர் பெயருக்குப் பதில் வேறொருவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். அவர் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வருத்தம் தெரிவித்தார். மறுநாள் மாலை, பழுப்புத்தாள் சுற்றிய நாடா அவர் மேசைக்குத் திரும்பி வந்தது. பெயரைத் திருத்திக் கொடுக்கும்வரை அந்தப் பாட்டு எந்த வீட்டிலும் ஒலிக்கவில்லை. ஒரு தொலைபேசி, ஒரு மனிதர், ஒரு நாடா. அந்தக் கணக்கிலேதான் இன்றும் வாக்குக் கொடுத்தார்.

அன்று மாலையே தாம் ஏற்றியதை நீக்கினார். காலையில் எழுந்து பார்த்தால், ‘நீக்கப்பட்ட வீடியோவின் முழு வடிவம் இங்கே’ என்ற அறிவிப்போடு நாற்பது இடங்களில் அது இருந்தது. நேற்றுவரை வாலை மட்டும் பார்த்தவர்கள், எதை மறைக்கிறார்கள் என்று இன்று தேடிவந்து பார்த்தார்கள்.

பிறகு, முதன்முதலில் அந்த ஒன்பது விநாடியை வெட்டியவர் யாரென்று நான்கு நாள் துருவினார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். திட்டுவதற்கென்று சேர்த்துவைத்திருந்த சொற்களோடு அழைத்தார். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

“ஸாரி அங்கிள். அவங்க இன்னும் இருக்காங்கன்னு நான் நினைக்கவே இல்ல. பழைய வீடியோதானேன்னு... இருங்க, லைன்லயே இருங்க. எடுத்துட்டேன். பாருங்க.”

எடுத்துத்தான் இருந்தாள்.

“அவங்ககிட்டயும் ஸாரி சொல்லிடுங்க. ஆனா அங்கிள், என்னுது போனாலும் ஒண்ணும் ஆகாது. அது இப்ப என்கிட்ட இல்லையே.”

“வேற யார்கிட்டம்மா இருக்கு?”

“எல்லார்கிட்டயும்” என்றாள்.

இணைய நிறுவனத்துக்கு முறையீடு செய்ய ஒரு படிவம் இருந்தது. பாட்டின் உரிமை யாருடையது என்று கேட்டது. வெளியிட்ட கேசட் நிறுவனம் மூடிப் பதினேழு ஆண்டாயிற்று; அந்தக் கட்டடத்தில் பல் மருத்துவமனை இருந்தது. கேசட் நிறுவனத்தின் பழைய முதலாளியைத் தேடிப் பிடித்தார். பெரியவர் நல்லவர், ஒப்பந்தத்தின் நகலைத் தேடியெடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். தொகுப்பாளர் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, ஒன்பது நாள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தார். பத்தாம் நாள் பதில் வந்தது. ஒப்பந்தம் நான்கு நிமிடம் பதினெட்டு விநாடி நீளமுள்ள பாட்டுக்கு உரியது. முறையீட்டில் குறிப்பிட்ட பகுதி அந்தப் பாட்டில் இல்லை. ஆகவே முறையீடு முடித்துவைக்கப்படுகிறது. கையெழுத்தின் இடத்தில் மனிதர் பெயர் இல்லை. தாம் எழுதி ஒட்டிய முடிவுக்குறியே தமக்கெதிராகச் சாட்சி சொல்வதைத் தொகுப்பாளர் மூன்று தடவை படித்தார்.

அவருடைய வேலை அறை, சாவி செய்யும் கடையின் மேல்மாடியில் இருந்தது. இரண்டு திரை, ஒரு சுழல் நாற்காலி, ஓயாத மின்விசிறி. இப்போதெல்லாம் அவர் செய்யும் பாட்டுப் படங்களில் ஒன்றுகூட ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. முதல் மூன்று விநாடிக்குள் முகம் வந்தாக வேண்டும். வராவிட்டால் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். ராகம் பிறகு வந்தால் போதும். அந்தப் பத்தாம் நாளன்றே செருப்புக் கடைக்காரர் ஒருவர் குரற்செய்தி அனுப்பியிருந்தார்: “சார், நம்ம விளம்பரப் பாட்டு சூப்பர். கடைசில அந்த ‘சொல்லுங்களேன்’ அம்மாவ ஒட்டிடுங்க. அதான் இப்ப ஓடுது.”

“அது முடியாதுங்க” என்று தொகுப்பாளர் திரும்ப அனுப்பினார்.

“ஏன் சார், டவுன்லோட் ஆகலையா? நான் அனுப்பட்டுமா?”

ஒரு நிமிடத்தில் அனுப்பியும்விட்டார். தொகுப்பாளரின் கணினியிலேயே அண்ணி வந்து இறங்கினார்.

எஞ்சியது ஒரே வழி. படத்திலிருப்பவரே நேரடியாக முறையிடலாம் என்று படிவத்தின் அடியில் எழுதியிருந்தது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தொகுப்பாளர் மடிக்கணினியோடு அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணியை ஜன்னலருகே உட்காரவைத்தார். முகத்தை நேராக, இடமாக, வலமாகக் காட்டச் சொன்னது கணினி. அண்ணி காட்டினார். படம் பிடிக்கும்போது பக்கத்தில் நின்ற அண்ணன், “மோவாயக் கொஞ்சம் இறக்கு” என்று தொழிற்பழக்கத்தில் சொன்னார். பிறகு இருவரும் முறைக்கவே உள்ளே போனார்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றி நின்றது. தொகுப்பாளர் வாசித்துவிட்டு மடிக்கணினியை மூடப்போனார்.

“இருங்க, என்ன சொல்லுது?”

“ஒண்ணுமில்ல அண்ணி, மறுபடியும் முயற்சி பண்ணலாம்.”

அண்ணி திரையைத் தம் பக்கம் திருப்பி, ஆசிரியைக்குரிய நிதானத்தோடு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். விண்ணப்பிப்பவரும் படத்திலிருப்பவரும் ஒருவரே என உறுதிசெய்ய இயலவில்லை.

“நான் அவ இல்லையாம், தம்பி” என்றார்.

தொகுப்பாளர் மடிக்கணினியை மூடினார்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இத்தனை வருஷமாக் கேக்கல. எனக்கு ஞாபகமே இல்ல. இப்பதான் தினமும் பாக்குறேனே. அன்னிக்கு அந்த ரூம்ல நீங்க ரெண்டு பேரும்தான் இருந்தீங்க. ஏன் ஒருத்தரும் பேசல?”

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. “பேட்டரி சிவப்பு விளக்கு எரிஞ்சுதும்மா. அதப் பாத்துட்டிருந்தேன்.”

“நீங்க, தம்பி?”

“நான் பாட்டு நாடாவப் பின்னுக்கு ஓட்டிட்டிருந்தேன், அண்ணி. காதுல ஹெட்ஃபோன். கேக்கல.” சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான பதில் என்பது தெரிந்தது. “நல்லாத்தான் அண்ணி இருந்துச்சு” என்று சேர்த்துக்கொண்டார்.

“ம்” என்றார் அண்ணி. “இத ஒரு கோடிப் பேர் பாத்து முடிச்சப்புறம் சொல்றீங்க பாருங்க.” எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்; களைத்துப் போயிருந்தார்.

விழா மாலை நான்கு மணிக்கு. அண்ணிக்குத் துணையாக இருக்கட்டுமென்று, ஒலிபெருக்கியைக் கவனிக்கும் வேலையைத் தொகுப்பாளர் கேட்டு வாங்கிக்கொண்டார். மேடையின் பக்கவாட்டில் ஒரு முக்காலி. அதன்மேல் நான்கு குமிழ்கள் உள்ள பெட்டி. அங்கிருந்து மேடையும் தெரிந்தது, முதல் பத்து வரிசைப் பெற்றோரும் தெரிந்தார்கள்.

பிள்ளைகள் மூன்று படிவரிசையில் வந்து நின்றார்கள். அண்ணி வந்தார். வந்த வேகத்தில் அவையின் பக்கம் பாராமல் பிள்ளைகளை நோக்கி நின்றுகொண்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ‘அவங்கதான்’ என்று ஒருவர் பக்கத்து இருக்கைக்குச் சொன்னது தொகுப்பாளரின் காதுவரை கேட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அண்ணியின் கை உயர்ந்தது. நாற்பது பிள்ளைகளும் ஒரே மூச்சை இழுத்தார்கள்.

மழைக்குக் காத்திருக்கும் ஊரைப் பற்றி அண்ணியே எழுதி மெட்டமைத்த பாட்டு, மூன்று சரணம். முதல் சரணத்திலேயே அவை அடங்கியது. இரண்டாம் சரணத்தில், சிறிய பிள்ளைகள் மேலே பாட, பெரியவர்கள் கீழே தாங்க, இரண்டு சுருதியும் ஒன்றையொன்று தொடாமல் கூடவே நடந்தன. தொகுப்பாளர் குமிழ்களை மறந்தார். இருபத்தெட்டு ஆண்டுகளில் அண்ணியின் கைக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதை அவர் அறிந்ததில்லை. எப்போதாவது கேட்டாரா என்று யோசித்து, கேட்டதில்லை என்று கண்டார்.

மூன்றாம் சரணம் முடிந்தது. கைதட்டல் எழுந்தது, உண்மையான கைதட்டல்தான். ஆனால் அது சீக்கிரமே மெலிந்தது, ஏனெனில் கைகளுக்கு வேறு வேலை வந்துவிட்டது. முதல் வரிசையில் ஒரு கைப்பேசி உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக, நெல் நாற்றைப் போல. பாட்டு நடந்தபோது எடுக்காதவர்களும் இப்போது எடுத்தார்கள். பாட்டு முடிந்துவிட்டது, அவர் திரும்ப வேண்டும், திரும்பி வணங்க வேண்டும். அந்த முகத்துக்காகத்தான் அத்தனை பேரும் குறிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி திரும்பவில்லை. பிள்ளைகளைப் பார்த்தபடியே நின்றார். தோள்கள் அசையவில்லை. மேல்வரிசைப் பெண் ஒருத்தி அவரையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தொகுப்பாளர் எழுந்தார். மேடைக்குத் திரையில்லை. விளக்குகளின் பொத்தான்கள் மண்டபத்தின் அடுத்த கோடியில், வாயிலருகே இருந்தன. தாமே மேடைக்குப் போய் அண்ணிக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிற்கலாம்; நின்றால் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள், நாளைக்கு அவரும் ஒன்பது விநாடிக்குள் இருப்பார். அவர் கைக்கெட்டியவை நான்கு குமிழ்கள் மட்டுமே; அவற்றால் ஒலியைக் குறைக்கலாம், கூட்டலாம். நின்றவர் நின்றபடியே இருந்தார்.

கைதட்டல் அறவே ஓய்ந்தது. அந்த அமைதியில், பின்வரிசையிலிருந்து ஒரு குரல், பாதி சிரிப்பாக, “யாராச்சும்...” என்று தொடங்கியது.

அண்ணியின் கை மறுபடி உயர்ந்தது.

பிள்ளைகள் திகைத்தார்கள். ஆனால் எட்டு மாதமாக அந்தக் கைக்குப் பழகியவர்கள், மூச்சை இழுத்தார்கள். பல்லவி முதலிலிருந்து தொடங்கியது. பின்வரிசைக் குரல் அதற்குள் அமுங்கிப்போயிற்று. பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; மறுமுறையும் பாடச் சொல்லி ஏற்பாடு போலிருக்கிறது என்று சிலர் நினைத்திருக்கலாம். பாட்டு நடக்கும்வரை அவர் திரும்ப வேண்டியதில்லை என்பதைத் தொகுப்பாளர் முதல் சரணத்தின் பாதியில்தான் புரிந்துகொண்டார்.

கைப்பேசிகள் சில இறங்கின. பல, கை வலிக்க வலிக்க, உயர்ந்தபடியே காத்திருந்தன. பெரிய டீச்சர் பக்கவாட்டிலிருந்து, என்ன இது என்று தொகுப்பாளரிடம் சைகையில் கேட்டார். அவர் தெரியாதென்று தலையசைத்தார். இரண்டாம் சரணத்தில் சிறிய பிள்ளைகளின் குரல் முன்போலவே மேலே போயிற்று. சற்றுக் களைத்திருந்தாலும் பிசகவில்லை. அண்ணியின் கை அவர்களை ஒவ்வோர் அடியாகத் தூக்கிக்கொண்டு போனது. அது இரண்டாம் சரணத்தின் கடைசி வரிக்கு வந்தது. இன்னும் ஒரு சரணம் இருந்தது.